திருத்தியவர் கையொப்பம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. போன மாதம் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, மதியம் 2.10-லிருந்து 3.42 வரை.

மதியமா என்று கேட்காதீர்கள். எனக்கும் அதில் வருத்தம்தான். பேய்க் கதை என்றால் இருட்டு, நாய் ஊளை, கரண்ட் கட் எல்லாம் இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இது நடந்தது ஒரு அரசு அலுவலகத்தில். ஐந்து மணிக்கு மேல் அங்கே மனிதர்களே இருப்பதில்லை. பேய் மட்டும் எதற்காக உட்கார்ந்திருக்கும்?

இன்னொரு சிக்கல், சொல்கிறவன் நான் என்பது. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையை மூன்று வருடமாக நடத்துகிறேன். அதில் பாதி பொய், மீதி எழுத்துப்பிழை. ரொம்பப் பிரபலமான பகுதி 'கண்ணீர் அஞ்சலி'. இன்னும் போய்ச் சேராதவற்றுக்கு முன்கூட்டியே எழுதிவிடுவேன். முதல்வரின் ஸ்கூட்டர், நூலகத்தின் ஒரே மின்விசிறி, விடுதிக் காப்பாளரின் பொறுமை... எழுதிய மறுவாரமே ஸ்கூட்டர் நிஜமாகவே நின்றுபோனது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எல்லாம் கையால் எழுதுவதுதான். என் கையெழுத்து கொஞ்சம் விநோதம். வலப்பக்கம் சாய்ந்து, எழுத்துக்கெல்லாம் வால் நீண்டு, பழைய பத்திரத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். "உனக்கு எத்தனை வயசுடா, நூத்தி இருபதா?" என்று பள்ளிக்கூட வாத்தியார் கேட்பார். வீட்டில் வேறு யாருக்கும் அப்படி வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் என் அண்ணன்.

வயது இருபத்தொன்பது. லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வேலை செய்கிறவன், தரைத்தளத்தில் நின்று டீ குடிக்கும்போது சரிந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். துடிப்பு நடுநடுவே தாளம் தப்புகிறது என்றார்கள். ஏன் என்று தெரியவில்லை.

டாக்டர் ஒன்று கேட்டார். "உங்க குடும்பத்துல ஆம்பளைங்க யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா முப்பத்திநாலு வயதில் போனவர். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தார். அவ்வளவுதான். அப்போது எனக்கு ஒரு வயது.

டாக்டர் இறப்புச் சான்றிதழைக் கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். அதில் அப்பாவின் வயது 84 என்று இருக்கிறது. யாரோ தப்பாக அடித்துவிட்டார்கள். அதைத் திருத்த அம்மா பதினோரு மாதம் ஒவ்வொரு ஜன்னலாக அலைந்து, பிறகு விட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் அது ஒரு பழைய ஜோக். "எண்பத்திநாலு வருஷம் இருந்தாரு உங்கப்பா. ஒரு நாளாவது காய்கறி வாங்கிட்டு வந்திருப்பாரா?" என்பாள் அம்மா.

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "அவருக்கு முந்தினவங்க?"

தாத்தாவும் சின்ன வயதில் போனார் என்று கேள்வி. எத்தனை வயது, எதனால்... யாருக்கும் தெரியாது.

"எழுத்துல ஏதாவது கொண்டுவாங்க தம்பி. பரம்பரையா வர்றதுன்னு காட்டிட்டா, மறுநாள் காலையிலயே நெஞ்சுக்குள்ள ஒரு கருவி வெச்சுடலாம். இல்லன்னா இன்னும் பத்து நாள் டெஸ்ட் எடுக்கணும்."

"பத்து நாள் தாங்குமா டாக்டர்?"

அவர் ஃபைலை மூடினார். அதுதான் பதில்.

அப்பாவின் பூர்வீகம் ஒரு சின்ன ஊர். பஸ்ஸில் ஏழு மணி நேரம். அங்கே எங்களுக்கு இப்போது யாரும் இல்லை. கொள்ளுத்தாத்தா அங்கே அரசு வேலையில் இருந்தார் என்பது மட்டும் தெரியும். 'ஊர் உயிரே அவர் கையிலதான் இருந்துச்சு' என்பது எங்கள் வம்சப் பெருமை. நான் அவரை டாக்டர் என்று நினைத்திருந்தேன். அண்ணன் நீதிபதி என்று நினைத்திருந்தான்.

மறுநாள் காலை 6.40-க்கு, பஸ் ஏறும்முன் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பாவின் ஒரே தம்பி. ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியர். அப்பா இறந்த வாரமே வேலையை விட்டவர், அதன்பின் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். இரண்டு பட்டம் வாங்கியவர், பேங்கில்கூடக் கைநாட்டுத்தான் வைப்பார். பேனாவைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். துக்கத்தில் மூளை கொஞ்சம் இடம் மாறிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொள்வோம்.

எங்கே போகிறேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம்.

"சித்தப்பா?"

"போகாத."

"அண்ணனுக்காகப் போறேன்."

"நானும் எங்கண்ணனுக்காகத்தான் போனேன்."

"நீங்க போனீங்களா? எப்ப?"

"போனா... அங்க எதையும் எழுதாத. பேனாவத் தொடாத. கேட்டியா?"

வைத்துவிட்டார். திருப்பி அடித்தேன். எடுக்கவில்லை.

1.50-க்கு அந்த அலுவலகத்தில் இருந்தேன். பிறப்பு இறப்புப் பிரிவில் ஒரு அக்கா. ஒரு கையால் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே மறு கையால் தாள்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். இரண்டையும் மாற்றிச் செய்யாததே பெரிய விஷயம். மனதுக்குள் அவருக்கு ரப்பர் ஸ்டாம்ப் அக்கா என்று பெயர் வைத்தேன்.

"தாத்தாவோட இறப்புப் பதிவு வேணும்க்கா."

"என்ன வருஷம்?"

"தெரியாது."

"தெரிஞ்சும் பிரயோசனம் இல்ல தம்பி. பழசெல்லாம் கரையான் தின்னுடுச்சு. ஒரே ஒரு புத்தகம்தான் மிச்சம். கொள்ளைநோய் வந்த வருஷத்துது."

"அதை மட்டும் ஏன் விட்டுச்சு?"

"கரையானத்தான் கேக்கணும்."

கொள்ளுத்தாத்தா பெயரைச் சொன்னேன். முத்திரை அந்தரத்தில் நின்றது.

"அவரா? அந்தப் புத்தகத்தை எழுதினதே அவர்தானே. இறப்புப் பதிவு எழுத்தர்."

ஆக, ஊர் உயிர் அவர் கையில் இருந்தது உண்மைதான். போன பிறகு.

அப்போது போன் அடித்தது. 2.05. அண்ணன்.

"என்ன எடிட்டரே, கொள்ளுத்தாத்தா என்ன சொல்றாரு?"

"இன்னும் பாக்கல. இப்பத்தான் லஞ்ச் முடிஞ்சுது."

"அவருக்குமா?"

"நீ பேசாம படு."

"சரிடா, ஒரு உபகாரம் பண்ணு. போனதுதான் போன, அப்படியே என் பேரையும் எழுதிட்டு வந்துடு. இன்னொரு தடவை ஏழு மணி நேரம் பஸ்ல போக வேணாம் பாரு."

"வாயைக் கழுவு முதல்ல."

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு ரொம்ப மெதுவாக, "சீக்கிரம் வாடா" என்றான்.

அவன் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

மிச்சமிருக்கிற அந்த ஒரு புத்தகத்தையாவது பார்க்கிறேன் என்றேன். ரப்பர் ஸ்டாம்ப் அக்கா ஒரு தட்டை நீட்டினார். "போன் இங்க வெச்சுட்டுப் போங்க. படம் எடுக்கக் கூடாது. பேனா கூடாது. இந்தாங்க பென்சில்."

2.10. மாடியில் கடைசி அறை.

சுவர் நெடுக இரும்பு அலமாரிகள். எல்லாம் காலி. தட்டுகளில் கரையான் மண் மட்டும். ஒரு ஜன்னல், அகலமாகத் திறந்து, வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. மேசைமேல் அந்தப் புத்தகம். தலையணை கனம். சுவரில் ஒரு கடிகாரம், 3.40-இல் நின்றுபோய் இருந்தது. நல்ல வெளிச்சம். பயப்பட ஒன்றும் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் கொஞ்சம் இடித்தது. பேனா கூடாது என்ற அறையில், புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு மைக்கூடு. பழைய முள் பேனா ஒன்று அதன்மேல் சாய்ந்திருந்தது. கூட்டில் மை காயவில்லை. கழுத்துவரை இருந்தது.

அட்டையின் உள்பக்கம் ஒரு விதி ஒட்டியிருந்தது. 'இப்பதிவேட்டில் அடித்தல் கூடாது. கிழித்தல் கூடாது. திருத்தம் செய்யலாம். திருத்தினால் திருத்தியவர் கையொப்பமும் திருத்திய நேரமும் ஓரத்தில் இட வேண்டும்.'

முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

என் கையெழுத்து.

வலப்பக்கம் சாய்ந்து, வால் நீண்டு... எண்பது வருடத்துக்கு முந்தைய பக்கம் முழுக்க நான் எழுதியதுபோல இருந்தது. ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. அப்பா விட்டுப் போனது ஒரு கைக்கடிகாரம், அதுவும் ஓடாது. கொள்ளுத்தாத்தா கையெழுத்தையே விட்டுப் போயிருக்கிறார்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. 2.30.

வாசிக்க ஆரம்பித்தேன். எண், பெயர், வயது, காரணம், இறந்த தேதி, இறந்த நேரம், பதிவு செய்த தேதி. வரிசையாகப் பெயர்கள். ஒரு நாளைக்கு இருபது, முப்பது. காரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். காய்ச்சல். காய்ச்சல். காய்ச்சல்.

நாலைந்து பக்கம் போன பிறகுதான் கவனித்தேன். இறந்த தேதி பன்னிரண்டு. பதிவு செய்த தேதி பதினொன்று.

அடுத்த வரியும் அப்படியே. அடுத்ததும்.

எல்லோரையும் முதல் நாளே எழுதியிருந்தார்.

ஓரத்தில் சிவப்பு மையில் மேலதிகாரியின் குறிப்பு. 'இறப்புக்கு முன்பே பதிவு உள்ளது. விளக்கம் தேவை.' அதன் கீழே கொள்ளுத்தாத்தாவின் பதில். 'மாலையில் வேலை மிகுதியாக உள்ளது. ஆகவே நோயாளிகள் உள்ள வீடுகளின் பட்டியலைப் பார்த்து முதல் நாளே எழுதி வைத்துக்கொள்கிறேன். நேரத்தை மட்டும் பிறகு நிரப்புகிறேன். இதுவரை பிழை எதுவும் நேரவில்லை.'

இதுவரை பிழை எதுவும் நேரவில்லை.

அந்த வரியை நான் நாலு தடவை வாசித்தேன். அதாவது, எழுதிய ஒருவர்கூடத் தப்பவில்லை. எனக்கு முதல்வரின் ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அப்போதுதான் முதலில் அந்தச் சத்தம் கேட்டது.

கிர்ர்... கிர்ர்...

எலி என்று நினைத்தேன். அலமாரிகளைப் பார்த்தேன். எலி தின்ன அங்கே என்ன இருக்கிறது? சத்தம் நின்றது. மறுபடி பக்கத்தைத் திருப்பினேன்.

எங்கள் குடும்பப் பெயர் வந்தது. கொள்ளுத்தாத்தாவின் மூத்த மகன். எங்கள் தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. ஓரத்தில் நடுங்கிய எழுத்து. 'தெருப் பட்டியலைப் பார்த்து எழுதும்போது என் வீட்டையும் தவறுதலாக எழுதிவிட்டேன். பையன் நலமாக இருக்கிறான். காய்ச்சல் இல்லை. வரியை அடிக்க அனுமதி வேண்டுகிறேன்.'

சிவப்பு மை. 'அடித்தல் கூடாது. திருத்தம் மட்டும்.'

வயது என்ற இடத்தில் 60 என்று இருந்தது. பூஜ்யம் மட்டும் பின்னால் நெருக்கிச் செருகியதுபோல. பக்கத்தில் அவருடைய கையொப்பம். நேரம், 3.40. கொள்ளுத்தாத்தாவுக்கே அப்போது முப்பது வயதுதான். அவருக்கு அறுபது வயதான மகன். அரசு ஊழியரின் திறமையை நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அதை நான் அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

அதன்பின் வெறும் பக்கங்கள். கொள்ளைநோய் முடிந்துவிட்டது. ஐம்பது, அறுபது பக்கம் வெறுமையாகத் தள்ளினேன். பள்ளிக்கூட மணி அடித்தது. 3.15. தாத்தாவைப் பற்றி ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான் என்று புத்தகத்தை மூடப் போனேன்.

வெறும் பக்கங்களுக்கு நடுவே ஒரு வரி.

தாத்தாவின் பெயர். வயது 81. காரணம், திடீர். ஓரத்தில் யாரோ ஒருவரின் கையொப்பம். நேரம் 3.40.

முதலில் கோபம்தான் வந்தது. எண்பத்தொன்றா? இதைப் பார்த்தால் டாக்டர், 'உங்க தாத்தா நல்லா வாழ்ந்துட்டுத்தானே போயிருக்காரு' என்பார். இதற்கா நான் ஏழு மணி நேரம் வந்தேன்?

பிறகு மெதுவாக உறைத்தது.

இது கொள்ளைநோய் வருடத்துப் புத்தகம். வீட்டில் சொல்லும் கணக்குப்படி அந்த வருடம் தாத்தா தவழ்கிற குழந்தை. அவர் செத்தது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து. கொள்ளுத்தாத்தா அதற்கு ரொம்ப முன்பே போய்விட்டார்.

ஆனால் எழுத்து அவருடையது.

8-ஐ உற்றுப் பார்த்தேன். வலது பாதி பழைய மை. இடது பாதி வேறு மை. முதலில் அது 3 ஆக இருந்திருக்கிறது.

அடுத்த இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்துப் பார்த்தேன். வரவில்லை.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

இந்தத் தடவை தெளிவாகக் கேட்டது. அலமாரியில் இல்லை. ஜன்னலில் இல்லை.

புத்தகத்துக்குள்.

ஒட்டிய அந்தத் தாள்களின்மேல் உள்ளங்கையை வைத்தேன். அடியில் ஏதோ ஊர்ந்தது. இடமிருந்து வலமாக. நின்றது. மறுபடி இடமிருந்து வலமாக. அந்தப் பக்கத்தின் மறுபுறத்தில், என் கைக்கு நேர் கீழே, யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் அப்படியே இருந்தது. கீழே முத்திரை குத்தும் சத்தம்கூடக் கேட்டது. டப்... டப்... எழுந்து ஓடியிருக்கலாம். நான் ஓடவில்லை. ஏனென்று தெரியும். அந்தக் கை என்ன எழுதுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கிர்ர் நின்றது.

பக்கத்தைத் திருப்பினேன்.

ஒரு வரி. மை ஈரமாக மின்னியது.

அண்ணனின் பெயர். தகப்பன் பெயராக எங்கள் அப்பாவின் பெயர். வயது 29. காரணம், திடீர். இறந்த தேதி, அன்றைய தேதி. பதிவு செய்த தேதி, அதே.

இறந்த நேரம்...

காலியாக இருந்தது.

இன்னும் நேரம் இருக்கிறது. அதுதான் எனக்குத் தோன்றியது. இன்னும் எழுதி முடிக்கவில்லை.

தாளைப் பிடித்துக் கிழித்தேன். கிழியவில்லை. துணிபோல இழுபட்டு, விட்டதும் மறுபடி நேரானது.

பென்சிலால் பெயரை அடித்தேன். கோடு விழவில்லை. அழுத்தினேன். முனை ஒடிந்தது.

டிக்.

நிமிர்ந்து பார்த்தேன்.

டிக்... டிக்...

நின்றுபோன கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முள் 3.38-இல் இருந்தது.

பேனாவை எடுத்தேன்.

சித்தப்பா சொன்னது ஞாபகம் இருந்தது. நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் 'சீக்கிரம் வாடா' என்றதும் ஞாபகம் இருந்தது.

மையில் தோய்த்து, பெயரின் குறுக்கே கோடு இழுத்தேன். தாள் அதைக் குடித்துவிட்டது. தடமே இல்லை.

அடித்தல் கூடாது. கிழித்தல் கூடாது.

திருத்தம்...

திருத்தம் செய்யலாம்!

சொன்னால் வெட்கம். அந்த நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னை எடிட்டர் என்றுதானே கூப்பிடுவான்? விதியை வைத்தே விதியை ஏமாற்றிவிடலாம். 29. இடம் மாற்றிப் போட்டால் போதும். 2-இன் தலையை வளைத்து மூடினேன். 9-இன் வாலை இழுத்து மடக்கினேன்.

92.

நின்றது! தாள் குடிக்கவில்லை. ஆனால் எண்கள் மெல்ல வெளுத்தன... பழையபடி 29 தெரிய ஆரம்பித்தது...

கையொப்பம்!

ஓரத்தில் கையொப்பம் போட்டேன்.

வெளுப்பது நிற்கவில்லை.

நேரம். நேரமும் போட வேண்டும்.

கடிகாரத்தைப் பார்த்தேன்.

டிக்.

3.40.

எழுதினேன்.

92 கறுத்தது. கெட்டியாக நின்றது.

கடிகாரமும் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அண்ணனுக்கு இன்னும் அறுபத்துமூன்று வருடம். போய்ச் சொல்ல வேண்டும், நம்ப மாட்டான், கிண்டல் பண்ணுவான்...

கடைசியாக ஒரு தடவை அந்த வரியைப் பார்த்தேன்.

ஓரத்தில் நான் எழுதிய 3.40 அங்கே இல்லை.

நகர்ந்திருந்தது.

காலியாக இருந்த அந்தக் கட்டத்துக்குள்.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. 3.42. ரப்பர் ஸ்டாம்ப் அக்கா தட்டை நீட்டினார்.

"தம்பி, உங்க போன்தான். விடாம அடிக்குது."

அம்மா. அழவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "மூணு நாப்பதுக்குடா" என்றாள்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அம்மா சொன்னது: 3.20 இருக்கும். படுத்திருந்தவன் கண்ணைத் திறந்து, "யாரும்மா எழுதறா? கிர்ருனு சத்தம் கேக்குது" என்றானாம். அறையில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காலையில் எடுத்த படத்தையும், பிறகு பார்த்ததையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில இப்படி இல்ல தம்பி. இது இருபத்தொம்பது வயசு இதயமே இல்ல. வயசாகித் தேஞ்சுபோன இதயம். தொண்ணூறு வயசுக்காரங்ககிட்டதான் இப்படிப் பாத்திருக்கேன்." அவரும் பயந்திருந்தார். ஒரு டாக்டர் பயந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் இறப்புச் சான்றிதழ் வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவனுக்குமாடா? தொண்ணூத்திரண்டுன்னு அடிச்சிருக்கானுங்க. போய்த் திருத்திட்டு வா."

"வேணாம்மா."

"ஏன்டா?"

"வேணாம்மா. விட்டுடு."

அன்று சாயங்காலம் சித்தப்பாவின் சைக்கிள் கடைக்குப் போனேன். ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எழுதிட்ட."

"ஆமா."

"எத்தனை போட்ட?"

"தொண்ணூத்திரண்டு."

சித்தப்பா சிரித்தார். அது சிரிப்பு இல்லை, ஆனால் வேறு என்ன பெயர் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"பேராசைடா உனக்கு. நான் மூணை எட்டாக்கினதோட நிறுத்திட்டேன்."

எட்டு. எண்பத்திநாலு. எங்கள் வீட்டுப் பழைய ஜோக். ஒட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு தாள்களுக்கு நடுவே யாருடைய வரி இருக்கிறது, யாருடைய கையொப்பம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

"எழுதாம இருந்திருந்தா சித்தப்பா... நேரம் காலியாவே இருந்திருக்குமா?"

அவர் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. குமிழி வந்துகொண்டே இருந்தது.

"இருபது வருஷமா அதத்தான்டா யோசிச்சிட்டிருக்கேன்" என்றார்.

சுவர்ப் பத்திரிகையை நிறுத்திவிட்டேன். கையால் எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். இதைக்கூடப் போனில் தட்டித்தான் எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள், பழைய ஞாபகத்தில் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஒன்று மட்டும். அந்தப் புத்தகத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து இருப்பது எல்லாம் மூத்தவன் வழியில் வரும் மூத்த ஆண். கொள்ளுத்தாத்தாவின் மூத்த மகன். அவன் போனதும் மூத்தவனாகிவிட்ட தாத்தா. பிறகு அப்பா. பிறகு அண்ணன். இப்போது இந்த வீட்டில் மூத்தவன் நான்தான். எனக்குத் தம்பி இல்லை. எனக்காக ஏழு மணி நேரம் பஸ்ஸில் போய்த் திருத்துவதற்கு யாரும் கிடையாது.

நானே போய்த் திருத்தலாமா என்றும் யோசித்தேன். எனக்கு வயது 21.

இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

12 வருகிறது.